கடைசித் தட்டு

நாமக்கல்லில் கோழிப் பண்ணைகளை மூடவைத்தது பூவிழியின் கணக்கு என்று ஊரே சொல்லும். பாதிப் பேர் பாராட்டாகச் சொல்வார்கள். மீதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். பூவிழி இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொள்வாள். தான் போட்ட கணக்கு சரி என்று ஒருத்திக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டால் அவளை அசைக்க முடியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில் நிலைமை அப்படி இருந்தது. ஆயிரத்து இருநூறு அடிக்கு போர் போட்டாலும் புழுதிதான் வந்தது. இருந்த கொஞ்சநஞ்ச நீரும் மக்காச்சோளத்துக்குப் போயிற்று, மக்காச்சோளம் கோழிக்குப் போயிற்று, தீவனப்புல் மாட்டுக்குப் போயிற்று. மனிதனுக்கு வேண்டிய நெல்லும் பருப்பும் வரிசையில் கடைசியில் நின்றன. முட்டை, பால், கறி எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் செடியில் விளைவதை மட்டும் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி. வாரத்துக்கு இரண்டு முட்டையும் நாளுக்கு ஒரு கரண்டித் தயிரும் இல்லாவிட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் பேராசிரியர்கள் இருந்தார்கள், இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அரசாங்கம் தன் உணவு ஆராய்ச்சி அதிகாரியான பூவிழியைக் கூப்பிட்டு, நீ நிறுத்துச் சொல்லு என்றது.

அவள் இரண்டாயிரம் வீடுகளை எடுத்துக்கொண்டாள். ஆயிரம் வீட்டில் முழுச் செடி உணவு. அதோடு தொட்டிக்கறி. பெரிய எஃகுத் தொட்டிகளில் நுண்ணுயிர்களைப் புளிக்கவைத்து, கட்டியாக்கி, குழம்பில் போடத் துண்டு போட்டுத் தருகிற சமாச்சாரம் அது. முட்டையிலும் பாலிலும் இருக்கிற பி12 முதலான சத்தையெல்லாம் அதற்குள் அடைத்துவிட்டார்கள். ருசி பரவாயில்லை ரகம். மற்ற ஆயிரம் வீட்டில் கலப்பு உணவு, அதாவது முட்டை, தயிர், எப்போதாவது மீன். மூன்று வருடம் காலையும் மாலையும் ஓர் ஊழியர் தராசோடு போய் ஒவ்வொருவர் தட்டையும் நிறுத்தார். ஒரே வீட்டில் இரண்டு பந்தி நடந்தால் ஊழியருக்கு நேரம் வீணாகும் என்பதால், வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று ஒரு விதியும் வைத்திருந்தாள்.

முடிவில் இரண்டு பக்கத்து ரத்தத்துக்கும் வித்தியாசம் இல்லை. உடம்பு சமம் என்றால் பிறகு மண்ணையும் தண்ணீரையும்தானே பார்க்கவேண்டும். செடி உணவுக்கு மூன்றில் ஒரு பங்கு நிலம் போதுமாக இருந்தது. பண்ணைகளை மூடினார்கள், மாடுகளையும் அகற்றினார்கள், நாமக்கல்லையும் சேர்த்து நான்கு மாவட்டத்தில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப்பின் வீட்டுக்கு வீடு ஊழியர் எதற்கு? அடுப்புக்கு அடியில் துலா என்று ஒரு தட்டு வைத்தார்கள். சட்டியில் எவ்வளவு வெந்தது என்று அது பார்க்கும், ரேஷன் அட்டையில் எத்தனை பேர் என்று பார்க்கும், வகுத்துக்கொள்ளும். நான்காவது வருடம் முடிவதற்குள் கிணறுகளில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பூவிழிக்குச் சால்வை போர்த்தினார்கள். இனி மாநிலம் முழுவதும் இதே முறைதான் என்று கோப்பு தயாரானது. கையெழுத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோதுதான் ராசிபுரம் பக்கத்து சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் சமீரா வந்தாள்.

சின்ன வயது, கலையாத பேச்சு. கையில் நாற்பத்தொரு பேர் அடங்கிய பட்டியல். பாதம் மரத்துப்போகிறது, நடந்தால் தரை பஞ்சாக இருக்கிறது, நாக்கு எரிகிறது, கொஞ்சம் மறதி என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களாம். சர்க்கரை இருக்கும், பாருங்கள் என்றாள் பூவிழி. பார்த்தாகிவிட்டது, சர்க்கரை இல்லை, ரத்தத்தில் பி12 அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்றாள் சமீரா.

பூவிழி அந்த நாற்பத்தொரு வீட்டின் துலாக் கணக்கையும் திரையில் வரவழைத்தாள். எல்லா வீட்டிலும் பச்சை. தேவைக்குமேல் தொட்டிக்கறி வெந்திருந்தது. கொஞ்சம் வெற்றியோடுதான் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"வீட்டுக்குப் போயிருக்குங்க மேடம். நான் இல்லேங்கல," என்றாள் சமீரா. "அதே வீட்டு ஆம்பளைங்க ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தேன். வேணுங்கறதுக்கு மேலயே இருக்கு. இந்த லிஸ்ட்ல ஒரு ஆம்பளை இல்ல. காலேஜ் போற பொண்ணு இல்ல. சமைச்சுப் பரிமாறிட்டுக் கடைசியா உக்கார்றவங்க மட்டும்தான் இருக்காங்க."

மாத்திரை கொடுக்கவேண்டியதுதானே என்று கேட்டாள் பூவிழி. கொடுத்தேன், மகனுக்குப் பரீட்சை வருகிறது, சத்து மாத்திரைதானே என்று அவனுக்குப் போட்டுவிட்டதாக அடுத்த மாதம் வந்து சொல்கிறார்கள் என்றாள் சமீரா. சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

பூவிழிக்கு எரிச்சல் வந்தது. கடைசியில் சாப்பிடுவது இன்றைக்கு வந்த வழக்கமா? முட்டையும் தயிரும் இருந்த காலத்திலும் அவர்கள் கடைசியில்தானே சாப்பிட்டார்கள், அப்போது ஏன் கால் மரக்கவில்லை என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதுதான் எனக்கும் புரியவில்லை, தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்று சொன்ன சமீரா பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பூவிழி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குணசீலன் வீட்டில்தான் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். அண்ணி லோகநாயகி அவளை விருந்தாளியாகவும் நடத்தவில்லை, வேற்றாளாகவும் நடத்தவில்லை. காலையில் டிபன் பாக்ஸ் கட்டி வாசல்வரை கொண்டுவந்து கொடுப்பாள். சம்பந்தப்பட்ட இலாகாவே பூவிழிக்குப் பயப்படும்; அண்ணி மட்டும், தலையைத் துவட்டாமல் போகிறாயே என்று அதட்டுவாள்.

ஒரு வருடத்துக்கு மேலாக அண்ணி ஒரு வேடிக்கை செய்துகொண்டிருந்தாள். கடைக்குப் போய்விட்டு வரும்போது ஒரு காலில் செருப்பு இருக்காது. தெருவில் எங்கேயோ கழன்றிருக்கும், அவளுக்குத் தெரியாது. கால் கழன்றாலும் உனக்குத் தெரியாது என்று குணசீலன் கிண்டல் செய்வான். பூவிழியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அன்றைக்குச் சாயங்காலமும் அண்ணி காய்ப் பையோடு உள்ளே வந்தாள். இடது காலில் செருப்பு இல்லை. குணசீலன் சிரித்தான். பூவிழி அண்ணியின் பாதத்தையே பார்த்தாள்.

ஏழு மணிக்கு அண்ணி இரண்டு தட்டு வைத்தாள். குணசீலன் சாப்பிட்டு எழுந்தான். பூவிழி சாப்பிட்டு முடித்தும் எழவில்லை.

"கை காயுது பாரு, கழுவலையா கண்ணு?"

"நீங்க உக்காருங்கண்ணி. நீங்க சாப்பிடறதப் பாக்கறேன்."

"நான் சாப்பிடறதுல என்னத்தப் பாக்கப் போற," என்று அண்ணி கூச்சப்பட்டாள். புதுப்பெண்ணைப் பார்க்க வந்ததுபோல் நெளிந்தாள். வேறு வழியில்லாமல் சமையற்கட்டு முக்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டாள். ஆறிப்போன சோறு, குழம்பின் மேல்தண்ணீர், ஓரத்தில் ஊறுகாய். தட்டில் ஒரு துண்டு தொட்டிக்கறி இல்லை. எட்டுத் துண்டு வெந்ததாகத் துலா காட்டியிருந்தது. மூன்று பேருக்கு அது தாராளம். அண்ணனுக்கு நான்கு போயிற்று, தன் தட்டில் மூன்று விழுந்தது பூவிழிக்கு ஞாபகம் இருந்தது. மிச்சம் ஒன்று எங்கே என்று கேட்டாள்.

"உனக்கு நாளைக்கு டிபனுக்கு எடுத்து வெச்சிருக்கறேன். மூளைய வெச்சு வேலை பாக்கறவ. எனக்கென்ன, வூட்ல இருக்கறவ."

முன்னாலெல்லாம், முட்டை இருந்த காலத்தில், அண்ணிக்கு முட்டை உண்டா என்று கேட்டாள் பூவிழி.

"முட்ட எனக்கெங்க வந்துச்சு. அது எண்ணி அவிக்கறது. உங்கண்ணனுக்கு ரெண்டு, உனக்கு ஒண்ணு, முடிஞ்சுது."

"பின்ன என்னதான் சாப்பிடுவீங்க?"

"மோருதான். நீங்கெல்லாம் தயிரு போட்டுச் சாப்பிட்டு எந்திரிச்சதுக்கப்புறம் சட்டியில ஒட்டிக்கிட்டு இருக்குமில்ல, அதுல தண்ணி ஊத்திக் கலக்குனா ரெண்டு டம்ளரு மோரு தேறும். சோத்துல ஊத்திக் குடிச்சுப்போடுவேன். அதைய யாரு பங்குக்குக் கேப்பாங்க? இப்பத்தான் அது இல்ல. அது ஒண்ணுக்குத்தான் நாக்கு ஏங்குது."

சமீராவுக்குக் கிடைக்காத பதில் சமையற்கட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தது. பழைய கலப்பு உணவிலும் கடைசித் தட்டுக்கு முட்டை வரவில்லை, கறி வரவில்லை. யாரும் கேட்காத மோர் மட்டும் வந்தது. அந்த இரண்டு டம்ளரில் இருந்த சொற்பச் சத்துதான் இந்தப் பெண்களின் காலில் உணர்ச்சியைக் காப்பாற்றி வைத்திருந்தது. பூவிழியின் கணக்கு மாட்டை எடுத்தது, மாட்டோடு மோரும் போயிற்று. அதற்குப் பதிலாக வந்த தொட்டிக்கறியோ துண்டுதுண்டாக இருந்தது. துண்டாக இருப்பதை எண்ணிப் பரிமாறலாம், நாளைக்கு எடுத்துவைக்கலாம், தனக்கு வேண்டாம் என்று விடலாம். உடம்பில் முன்பே சேர்ந்திருந்த சேமிப்பு கரைய மூன்று நான்கு வருடம் ஆனதால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாளே அண்ணியை ராசிபுரத்துக்கு அழைத்துப்போனாள். சமீரா ஒரு சிறு ஊசியைப் பாதத்தில் தொட்டுத்தொட்டு, குத்துகிறதா என்று கேட்டாள். அண்ணி மரியாதைக்காக ஆமாம் ஆமாம் என்றாள். தொடாதபோது கேட்டதற்கும் ஆமாம் என்றாள். ரத்த முடிவு வந்தபின் சமீரா பூவிழியைத் தனியே கூப்பிட்டு, ஊசி போட்டால் இதோடு நிற்கும், மறதியும் குறையலாம், ஆனால் காலில் போன உணர்ச்சி முழுக்கத் திரும்பாது என்றாள். ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாள். ஒரு வருடம் முந்தி பூவிழி செருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வந்தது. வயசானா காலு கையி வலிக்கத்தான் செய்யும், நீ எதுக்கு மூக்கை உறிஞ்சறே என்று அண்ணி முந்தானையை நீட்டினாள்.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. சோதனை நடந்த மூன்று வருடமும் இதே தொட்டிக்கறிதானே, அப்போது பெண்களின் ரத்தம் எப்படிச் சரியாக இருந்தது? பூவிழி பழைய கோப்புகளைத் திறந்தாள். சரியாக இருந்தது என்பது குறைத்துச் சொல்வது. செடி உணவு வீடுகளில் இருந்த நடுவயதுப் பெண்கள், சோதனைக்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தார்கள். கலப்பு உணவு வீட்டுப் பெண்களும் அப்படியே. செடி உணவு வீடுகளில், ஆயிரத்து நூற்று முப்பத்தேழு என்ற எண்ணுள்ள வீடு இவர்களுடையது. ஒரு குடும்பம் ஆரம்பத்திலேயே கழன்றுகொண்டதால் ஆள் போதாமல் பூவிழி தன் வீட்டையே சேர்த்திருந்தாள். அதில் லோகநாயகி என்ற பெயருக்கு நேராக மூன்றாம் வருடம் இருந்த அளவு, பூவிழியின் அளவைவிடவும் அதிகம்.

அந்த மூன்று வருடம் தராசோடு ஊழியர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஒன்றாக உட்காரவேண்டும், அவரவர் தட்டு அவரவருக்கு. அண்ணியும் உட்கார்ந்தாள், தன் துண்டைத் தானே தின்றாள். உணவு சோதிக்கப்பட்டது என்று பூவிழி நினைத்திருந்தாள். சோதிக்கப்பட்டது பந்தி. அந்த விதியை எடுத்த குறிப்பும் கோப்பிலேயே இருந்தது. எடை போடும் வசதிக்காக வைத்திருந்த விதி, துலா வந்தபின் தேவையில்லை, நீக்கலாம். ஒன்றரை வரி. கீழே அவள் கையெழுத்து.

இதை வெளியே சொல்வதா என்று அவள் ஒரு வாரம் தவித்தாள். சொன்னால் அடுத்த நாளே கலப்பு உணவுக் கட்சி கொடி பிடிக்கும். செடி உணவு ஆளைக் கொல்லும் என்று சுவரெல்லாம் எழுதுவார்கள். அது பொய். அந்த உணவில் ஒரு குறையும் இல்லை, யார் தட்டுக்குப் போய்ச் சேர்ந்ததோ அவர்களுக்கு அது நன்றாகத்தான் வேலை செய்தது. கிணற்றில் வந்த தண்ணீரும் நிஜம். சொல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் மாநிலம் முழுக்க எத்தனை லட்சம் கடைசித் தட்டுகள். அவள் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தொகையைப் போட்டுப் பார்க்கப் பயந்தாள். கடைசியில் எழுதிக்கொண்டு சென்னைக்குப் போனாள்.

நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டம். தப்பு என்னுடையது என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். பண்ணைகளைத் திறக்கவேண்டாம், மாடும் வேண்டாம், அந்த ஒரு விதியை மட்டும் திருப்பிக் கொண்டுவாருங்கள், ஒரு வேளையாவது வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று கேட்டாள். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். செயலாளர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒரு வீட்டுக்குள்ள யார் முதல்ல சாப்பிடணும், யார் பிறகு சாப்பிடணும்னு அரசாங்கம் எப்படிம்மா உத்தரவு போடும்? அது குடும்ப விஷயம். நடக்கிற காரியமாச் சொல்லுங்க."

அடுப்பில் என்ன வேகவேண்டும் என்று உத்தரவு போட்ட அரசாங்கம் அது. வேகிறதை அடியில் தட்டு வைத்து எடைபோட்ட அரசாங்கம். ஆனால் அந்தப் பேச்சில் இரண்டு கட்சியும் செயலாளர் பக்கம் சேர்ந்துகொண்டன. பத்து வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் அன்றைக்குத்தான் ஒரே குரலில் பேசினார்கள்.

நடக்கிற காரியம் என்னவென்று மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். மாடுகளைத் திரும்பக் கொண்டுவருவது. வீட்டுக்கு நாள்தோறும் அரை லிட்டர் பால். மற்றவர்கள் தயிர் சாப்பிட்டது போகக் கடைசித் தட்டுக்கு மோர் வழக்கம்போல் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒருவர் விளக்கினார், எல்லோரும் தலையாட்டினார்கள். எட்டு லட்சம் மாடு, அதற்குத் தீவனம், தீவனத்துக்கு நிலம், நிலத்துக்குத் தண்ணீர். எல்லாவற்றுக்கும் வழி பிறந்தது. கிணறுகள் எத்தனை அடி இறங்கும் என்று பூவிழியிடம் கேட்டார்கள். அவள் கணக்குப் போட்டுச் சொன்னாள். பரவாயில்லை என்றார்கள். அவளும் எதிர்க்கவில்லை. பெண்களைப் பந்தியில் உட்காரவைக்க முடியாது என்று ஆனபின் மோராவது போகட்டும் என்று கையெழுத்துப் போட்டாள். போடும்போது மனசு கசந்தது.

ஊர் திரும்பியதும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குணசீலன் கெட்டவன் அல்ல, எந்த நாளும் தன் மனைவியின் பங்கைப் பிடுங்கித் தின்றவன் அல்ல. வைத்ததைத் தின்றான், அவ்வளவுதான். கேட்டுவிட்டு வெளியே போய், அன்றைக்கும் தெருவில் கழன்று கிடந்த அண்ணியின் செருப்பை எடுத்துவந்து வைத்தான்.

அன்று ஏழு மணிக்குத் தட்டுகளைப் பூவிழி வைத்தாள். மூன்று. சோற்றைப் பரிமாறி, ஒவ்வொரு தட்டிலும் எண்ணி மூன்று துண்டு வைத்துவிட்டு, உக்காருங்கண்ணி என்றாள். அண்ணி சமையற்கட்டு வாசலிலேயே நின்றாள். நீங்க ஆகட்டும், நான் ரசத்தை இறக்கிவெச்சுட்டு வர்றேன் என்றாள். ரசம் இறக்கியாயிற்று என்றாள் பூவிழி. அப்பளம் சுடணும் என்றாள் அண்ணி. அப்பளம் வேண்டாம், வந்து உட்காரு என்று குணசீலனும் சொன்னான். அவன் சொன்னால்கூட அவளால் முடியவில்லை. மூன்று தட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். சட்டென்று அவளுக்கு ஏதோ விளங்கியது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, மறுபடியும் எடை போட வர்றாங்களா?"

பூவிழி ஒரு நொடி தயங்கினாள்.

"ஆமாங்கண்ணி. வர்றாங்க."

"மொதல்லயே சொல்றதில்ல?" என்று அண்ணி வந்து மூன்றாவது தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். கூச்சமெல்லாம் போய்விட்டிருந்தது. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள்.

"அந்த மூணு வருசமும் எனக்குச் சோறு சூடா இருந்துச்சு கண்ணு. எந்தப் புண்ணியவானோ எழுதி வெச்சானேன்னு நெனப்பேன். அப்புறம் எதுக்கு நிறுத்திப்போட்டாங்க, யாரு நிறுத்துனாங்கன்னு உன்னையக் கேக்கோணும்னு இருந்தேன். ஆபீசு சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு உட்டுட்டேன்."

பூவிழி தலையைக் குனிந்து தன் தட்டைப் பார்த்தாள். சென்னையில் நாற்பது பேர் முன்னால் சொன்னதை அவளால் அங்கே சொல்ல முடியவில்லை.